வீட்டு உத்தரவு உண்டா?

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுதச் சொன்னது சிஸ்டர் ஜெரோசா. மீன் விற்கிற பெண்களுக்காக நாகர்கோவிலில் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை வந்து என் முன்னால் உட்காருவார். நான் பேசமாட்டேன். போன வாரம் இந்த டைரியைக் கையில் கொடுத்து, பேச வராவிட்டால் எழுதிப் பார் பிலோமி என்றார். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். யார் பார்க்கப் போகிறார்கள்.

சாளை மீன் நன்றாகப் பட்டிருக்கிறது. இரண்டு கூடை எடுத்துத் தக்கலைச் சந்தைக்குப் போனேன். மீன் நாற்றம் என்று முகத்தைத் திருப்புகிற கண்டக்டர் இன்று இறங்கி வந்து கூடையைத் தூக்கி வைத்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

சோறு மிஞ்சிவிட்டது. கோழிக்குப் போட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

நடந்ததை முதலில் எழுத வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் பெயர் ஆன்றோஸ். ஊர் அருளப்பர்துறை. வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கக் கூலிக்குப் போனார். ஆகஸ்டில் அவர்கள் வலை போட்டுக் கிடந்தபோது ஒரு பெரிய நாட்டின் போர்க்கப்பல் அந்தப் படகைச் சுட்டது. ஆயுதம் கடத்துகிற படகு என்று அந்த நாட்டு டிவியில் சொன்னார்களாம். மேலே இருந்து எடுத்த படமும் காட்டினார்கள். அது என் போனிலும் வந்தது. நான் பார்க்குமுன் என் மகன் ஜெனிஷ் அழித்துவிட்டான். அரபியின் ஆட்கள் போய்த் தேடினார்கள். பலகையும் ஒரு மிதப்பும் கிடைத்தன. வேறொன்றும் கிடைக்கவில்லை.

அந்த நாட்டின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நாடு என்றே எழுதுகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பங்குச்சாமியார் வந்தார். கூடவே மணி அடிக்கிற கோயில்பிள்ளையும் வந்து வாசலில் நின்றார். துக்க மணியைப் பற்றித்தான் பேச்சு.

எங்கள் கோயிலில் ஒரே மணி, ஒரே கயிறு. விட்டு விட்டு அடித்தால் துக்கம். விடாமல் அடித்தால் ஊர்க்கூட்டம். இரண்டுக்கும் முறை உண்டு. துக்க மணி என்றால் இறந்தவருடைய வீட்டில் உரிமைப்பட்டவர் நேரில் போக வேண்டும். கோயில்பிள்ளை கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, 'வீட்டு உத்தரவு உண்டா?' என்று கேட்பார். 'உண்டு' என்று சொன்ன பிறகுதான் இழுப்பார். அது அடித்தால்தான் பூசை, சாப்பாடு எல்லாம். ஊர்க்கூட்ட மணிக்கு வேறு சட்டம். அதை அடித்து ஊர் கூடிப் பேசாமல் யாரும் சண்டைக்கு வள்ளம் இறக்கக் கூடாது. முன்பு ஒரு காலத்தில் பக்கத்து ஊரோடு நடந்த அடிதடியில் பிள்ளைகள் உயிர் போன பிறகு வைத்த சட்டம் அது.

என் வீட்டுக்காரருக்கு எல்லாமே விளையாட்டு. வெளியூருக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசல்படியில் நின்று கோயில்பிள்ளை மாதிரி குரலை இழுத்து, 'வீட்டு உத்தரவு உண்டா?' என்பார். சாவுக்குக் கேட்கிற கேள்வியை வாசலில் நின்று கேட்கிற மனுஷன் உலகத்தில் உண்டா. நான் திட்டுவேன். 'போயிட்டு வாரும்' என்பேனே தவிர 'உண்டு' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சாமியார் மெதுவாகத்தான் கேட்டார். எத்தனை நாள் இப்படி வைத்திருப்பாய், ஆத்துமாவுக்காகவாவது என்றார். வரட்டும் என்றேன். என்ன வரட்டும் என்று அவர் கேட்கவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று சிஸ்டர் வந்து விஷயம் சொன்னார். படகைச் சுடச் சொன்னது பிரசிடென்ட்டாம்.

எனக்குச் சட்டென்று எங்கள் பஞ்சாயத்து பிரசிடென்ட் முகம்தான் வந்தது. தெருவிளக்குக்குப் பல்பு மாட்ட வேண்டும் என்றாலே, தீர்மானம் போட வேண்டும், ஒன்றியத்தில் கேட்க வேண்டும் என்று நாலு மாதம் இழுப்பார். அவரா என்று கேட்டுவிட்டேன். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த நாட்டு பிரசிடென்ட், நாட்டுக்கே தலைவர் என்றார்.

அங்கேயும் எங்கள் பார்லிமெண்ட் மாதிரி ஒரு சபை இருக்கிறது. சண்டைக்குப் போவதென்றால் சபையைக் கேட்க வேண்டும் என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறதாம். இந்த ஆள் கேட்கவில்லை. இது சண்டையே இல்லை, அதனால் கேட்க வேண்டியதில்லை என்கிறாராம். சபையில் சிலருக்குக் கோபம். இனிமேல் கேட்காமல் சுடக்கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார்கள்.

நான் யோசித்தேன். பிறகு கேட்டேன். "அப்போ உத்தரவு போட்டவரு உத்தரவு வாங்கல்ல. அப்படித்தான சிஸ்டர்?"

அவர்கள் பாஷையில், போடுகிற உத்தரவுக்கு ஒரு சொல், வாங்குகிற உத்தரவுக்கு வேறு சொல் என்றார் சிஸ்டர். நமக்குத்தான் இரண்டும் ஒன்று என்றார்.

சபைக்காரர்களில் ஓர் அம்மா என்னோடு போனில் முகம் பார்த்துப் பேச விரும்புகிறாராம். என்ன பேச என்றேன். யோசித்துச் சொல் என்றார்.

கோழி முட்டை போட்டிருக்கிறது. சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கடலுக்குப் போகாத நாள். மரச்சீனிக் கிழங்கு அவித்துச் சாளைக் கறி வைத்தேன். பூசை முடிந்து பெர்க்மான்ஸ் வந்தான். என் வீட்டுக்காரரின் தம்பி. இரண்டு வருடமாக ஊர்க் கமிட்டித் தலைவர் அவன்தான். ஜெனிஷ் அவனுடைய வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போகிறான்.

துறைமுகத்து விசைப்படகுகள் கரையை ஒட்டி வந்து வலை இழுக்கின்றன. போன வாரம் மட்டும் எங்கள் ஊர் வலைகள் ஐந்தாறு கிழிந்து போயின. ஆபீசில் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அவன் சுவரில் இருந்த அண்ணன் படத்தைப் பார்த்தான். கண் கலங்கியது. சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த அண்ணன்.

"எனக்க அண்ணனுக்குக் கேக்க நாதியில்லாமப் போச்சி மைனி. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததுக்கு நான் யாரைப் போய் பிடிக்க? இஞ்ச வந்து வலைய அறுக்குறவனையாவது கேக்காண்டாமா? நீங்க உத்தரவு தந்தா போதும். ஊரு பொறவால வரும்."

அவன் முகம் வாடியிருந்தது. தட்டை எடுத்து வைத்தேன்.

"சாப்பிட்டுட்டுப் போ, பெர்க்மான்சு."

இரண்டாம் முறையும் கிழங்கு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வேகமாகப் போனான். ஜெனிஷும் கூடப் போனான்.

செப்டம்பர் 24, புதன்

சந்தையில் இருக்கும்போதுதான் கேள்விப்பட்டேன். எங்கள் ஊர் வள்ளங்கள் விடியுமுன் போய் ஒரு விசைப்படகைச் சுற்றி வளைத்துப் பிடித்துவிட்டன. மணி அடிக்கவில்லை. எனக்குத் தூக்கம் லேசு. அடித்திருந்தால் கேட்டிருக்கும்.

மீன் பாதிதான் விற்றிருந்தது, மீதியைப் பக்கத்துக்காரியிடம் தள்ளிவிட்டு வந்தேன். படகு எங்கள் கரையில் கட்டிக் கிடந்தது. பெரிய படகு. பிள்ளைகள் அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தார்கள். அதில் வேலை பார்த்த ஒடிசாக்காரப் பையன் ஒருவன் படகுக்கும் வள்ளத்துக்கும் நடுவில் விழுந்து கால் நசுங்கியதாம். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். யாரோ கழையால் குத்தித் தள்ளினார்கள் என்கிறார்கள். அவனே வழுக்கி விழுந்தான் என்றும் சொல்கிறார்கள்.

ஜெனிஷ் வீட்டில் இருந்தான். சட்டை நனைந்திருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளிர் என்றான். நல்ல வெயில். கொல்லைச் சுவரில் சாத்தி வைத்திருந்த எங்கள் மூங்கில் கழையைக் காணவில்லை. அலை கொண்டுபோய்விட்டது என்றான். சரி, வேறு வாங்கலாம் என்றேன்.

சாப்பிடவில்லை அவன். இன்றும் சோறு மிஞ்சிவிட்டது.

செப்டம்பர் 27, சனி

ஆசாரிபள்ளம் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. கஞ்சியும் பயறும் எடுத்துப் போனேன்.

அந்தப் பையன் பெயர் நிரஞ்சன். ஜெனிஷ் வயதுதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெட்ஷீட் அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. கஞ்சியைக் காட்டினேன், குடித்தான். போனில் பெண்சாதி முகம் தெரிந்தது. மடியில் ஒரு குழந்தை. அவன் போனை நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான்.

நர்சுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அந்தப் பையன் என்னைக் காட்டி ஏதோ கேட்டான்.

"உங்க ஊர்ல யாரு சொல்லி அடிச்சாங்கன்னு கேக்கான் அம்மா."

கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து மூடினேன். நீங்கள் இவனுக்கு யார் என்று நர்ஸ் கேட்டாள். தெரிஞ்சவ என்றேன்.

என் வீட்டுக்காரரும் இப்படித்தான் பாஷை தெரியாத ஊரில், யாருடைய படகிலோ கூலிக்கு நின்றார்.

அக்டோபர் 1, புதன்

குழாயடியில் எல்லாரும் என் குடத்துக்கு வழி விட்டார்கள். கமிட்டிச் செயலாளரின் மனைவி ரெஜினாள் என் தோளைத் தொட்டு, நல்லா செஞ்ச பிலோமி, உன்னைப் போல ஒருத்தி சொன்னாத்தான் ஆம்பிளைங்களுக்கு ரோசம் வரும் என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

உத்தரவு கொடுத்தாயே என்றாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. அன்று விடியுமுன் பெர்க்மான்ஸ் வள்ளத்தில் ஏறி நின்று, அண்ணன் பெண்டாட்டி போ என்று சொல்லிவிட்டாள், இனி யார் உத்தரவு வேண்டும் என்று கேட்டானாம். அதற்கு மேல் யாரும் மணியைப் பற்றிப் பேசவில்லையாம்.

போ என்று சொன்னேனா. அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். சொன்னேன்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்.

குடம் வழியிலேயே தளும்பிப் பாதியாகிவிட்டது. மறுபடி போய்ப் பிடித்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

துறைமுகத்துக்காரர்கள் போலீசில் கேஸ் கொடுத்திருக்கிறார்கள். ஆள் பெயர் தெரியாமல் ஐம்பது பேர்மேல். ஞாயிறு ஊர்க்கூட்டம்.

பெர்க்மான்ஸ் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனான். கூட்டத்தில் என்னிடம் கேட்பார்களாம். நான் வாய் திறக்க வேண்டாமாம், தலையாட்டினால் போதுமாம். அண்ணனை நினைத்து ஊர் எழுந்தது என்று இருக்கட்டும், அப்போதுதான் ஜெனிஷுக்கும் ஒன்றும் வராது என்றான். ஜெனிஷ் பெயரை ஏன் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மாலை நாலு மணிக்கு மணி அடித்தது. விடாமல் அடித்தது. எல்லாம் முடிந்த பிறகு அடிக்கிறார்கள்.

கோயில் முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் சுவரோரமாக நிற்பது வழக்கம். பேசக் கூடாது என்று சட்டமில்லை, பேசுவதில்லை, அவ்வளவுதான். முதலில் கேஸுக்கு வக்கீல் வைப்பது பற்றிப் பேசினார்கள். பிறகு பின்னால் இருந்து ஒருவர், மணி அடிக்காமல் எப்படிப் போனீர்கள் என்று கேட்டார். பெர்க்மான்ஸ் எழுந்தான்.

"மணி அடிச்சி, ஆளு கூடி, ஆளுக்கொரு வாய் பேசி முடிக்குமுன்ன படகு கேரளம் போயிரும். அவசரத்துக்கு முடிவு எடுக்கத்தானே தலைவரு. அதுவும் நான் தோணினபடி போகல்ல. அந்தா நிக்காவ எனக்க மைனி. அவிய உத்தரவு வாங்கித்தான் போனேன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தலையை ஆட்டினால் போதும். பக்கத்தில் நின்ற ரெஜினாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆண்கள் வரிசையில் ஜெனிஷ் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சுவரைவிட்டு முன்னால் வந்தேன். கால் எப்படி வந்தது என்று தெரியாது.

"நான் சாப்பிட்டுட்டுப் போன்னு சொன்னேன்."

சிலர் சிரித்துவிட்டார்கள். பெர்க்மான்ஸ் முகம் கறுத்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

"கிழங்கு வச்சி, தட்டு போட்டு, சாப்பிட்டுட்டுப் போன்னு சொன்னேன். அதுல 'போ'வ மட்டும் இவன் எடுத்துக்கிட்டான். எனக்கப் பேரைச் சொல்லி ஒரு பிள்ளைக்கக் காலு போயிருக்கு. நான் குடுக்கல்ல உத்தரவு."

பெர்க்மான்ஸ் கத்தவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான். மணி அடிச்சா துறைமுகத்துக்காரனுக்கும் கேக்குமே மைனி, பொறவு எப்படி படகைப் பிடிக்க என்றான்.

"கேக்கட்டும். பிள்ளைய அனுப்புறவளுக்கும் கேக்கும் இல்லா. அதுக்குத்தானே மணி."

ஜெனிஷ் எழுந்து, கழை என் கையில்தான் இருந்தது என்றான். நான் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

படகை விட்டுவிடுவது, பையனுடைய வைத்தியத்தை ஊர் பார்ப்பது, ஜெனிஷைச் சாமியாரும் கமிட்டியும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்று முடிவானது. பெர்க்மான்ஸ் கமிட்டி அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனான்.

அக்டோபர் 9, வியாழன்

ஜெனிஷுக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பஸ்ஸில் போய்விட்டு வந்து, நேராக ஆசாரிபள்ளம் போகிறான். அங்கே என்ன செய்கிறான் என்று சொல்வதில்லை. நேற்று பாய்க்கடியில் ஓர் இந்திப் புத்தகம் இருந்தது. குழந்தைகள் படிக்கிற அ, ஆ புத்தகம்.

அயிலை மீன் வரத் தொடங்கிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

சிஸ்டர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. வெள்ளை முடி வைத்த ஓர் அம்மா. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். முதலில் வருத்தம் தெரிவித்தார். என் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். விளையாட்டுக்காரர் என்றேன். சிஸ்டர் அதை எப்படிச் சொன்னாரோ, அவர் பந்து விளையாடுவாரா என்று அந்த அம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான்.

உங்களுக்கு எங்கள் சபையிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் பத்து விஷயம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். மணியைச் சொன்னேன், கிழங்கைச் சொன்னேன், கொழுந்தனைச் சொன்னேன். நிரஞ்சனைச் சொன்னேன். கழை யார் கையில் இருந்தது என்பதையும் சொன்னேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். சொல்லுங்க சிஸ்டர் என்றேன்.

கடைசியில் ஒன்று கேட்டேன்.

"எனக்கப் பேரைச் சொல்லி இவன் போனான். உங்க பிரசிடென்ட்டு யாருக்கப் பேரைச் சொல்லிப் போனாரு?"

சிஸ்டர் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை மாட்டவில்லை. பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். சிஸ்டர் எனக்குச் சொன்னார்.

"எங்க பேரைச் சொல்லித்தான், அப்படீங்காங்க."

அப்போ நீங்களும் எழும்பி, நாங்க குடுக்கல்லன்னு சொல்லுங்க என்றேன். அதோடு நேரம் முடிந்தது.

வரும் வழியில் சிஸ்டர் டீ வாங்கித் தந்தார். எனக்கு வடையும் சாப்பிட வேண்டும்போல் இருந்தது. சாப்பிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சபையில் ஓட்டு எண்ணிப் பார்த்ததில் எங்கள் பக்கம் கொஞ்சம் கூடிவிட்டதாம். தீர்மானம் ஜெயித்தது. சிஸ்டர் போனிலேயே அழுதார். அந்த அம்மா சபையில் மரச்சீனிக் கிழங்கைப் பற்றிப் பேசினாராம்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். இது சட்டமாக வேண்டும் என்றால் பிரசிடென்ட் கையெழுத்துப் போட வேண்டுமாம். யாரை அடக்கச் சபை கூடியதோ அவருடைய கையெழுத்து.

பூனைக்கு மணி கட்ட வேண்டும் என்று எலியெல்லாம் கூடி முடிவெடுத்து, கடைசியில் பூனையிடமே கையெழுத்துக்கு அனுப்பினதாம் என்றேன். சிஸ்டர் போனில் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

அக்டோபர் 29, புதன்

பிரசிடென்ட் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜெனிஷ் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். மழை.

அக்டோபர் 30, வியாழன்

இன்னொரு படகாம். எந்த ஊர் ஆட்கள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

சந்தைக்குப் போகவில்லை. அந்தப் படகுக்காரர்களின் வீட்டில் இப்போது யாராவது சோறு வைத்திருப்பாள். அவளுக்கு நாங்கள் இப்படிப் பேசினது ஒன்றும் தெரியாது.

சிஸ்டர் வந்தார். நாம் செய்ததெல்லாம் வீண்தானே என்று நான் கேட்பேன் என்று பயந்து வந்திருப்பார்போல. நான் கேட்கவில்லை. அந்த அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன். மறுபடி ஆள் சேர்க்கிறாராம். இன்னும் நிறையப் பேர் எழுந்து சொன்னால் பிரசிடென்ட் கையெழுத்து இல்லாமலே சட்டமாக்கலாமாம். எவ்வளவு நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மறுபடி பேசக் கூப்பிட்டால் வருகிறேன் என்றேன்.

பிறகு துக்க மணியைப் பற்றி அவரிடம் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆத்துமாக்கள் திருநாள். ஊரெல்லாம் கல்லறைத் தோட்டத்தில். மெழுகுவர்த்தி, பூ, சாம்பிராணி. அவரவர் தங்கள் குழியைச் சுத்தம் செய்து உட்கார்ந்திருந்தார்கள். நான் என் வீட்டுக்காரருடைய அப்பா அம்மா குழிகளில் வர்த்தி கொளுத்தினேன். கையில் ஒன்று மிச்சம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். மெழுகு விரலில் விழுந்தது.

பெர்க்மான்ஸ் அப்பாவின் குழிக்கு அந்தப் பக்கம் நின்றான். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவனும் கையில் ஒன்று மிச்சம் வைத்திருந்தான். என் கையைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"மைனி, நான் எதையும் தீர்மானிக்கல்ல. கேக்கத்தான் செய்யேன். அண்ணனுக்கு மணி..."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். எனக்கும் அவன்மேல் இருந்த கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

வா என்றேன். ஜெனிஷையும் கூப்பிட்டேன்.

மூன்று பேரும் கோயிலுக்கு நடந்தோம். நாங்கள் போவதைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்து பின்னால் வந்தார்கள். யாரும் கேட்கவில்லை. வழியில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசல்படியைப் பார்த்தேன். பார்க்காமல் போயிருக்கலாம்.

மணிக்கூண்டில் கோயில்பிள்ளை உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். வயதான மனிதர். ஊரில் எல்லா வீட்டுக்கும் கேட்டவர். குரலை இழுத்துத்தான் கேட்டார், எப்போதும் கேட்கிற மாதிரியே. அவரைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் பழகினார்.

"வீட்டு உத்தரவு உண்டா?"

போயிட்டு வாரும் என்று வாய் வரை வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். விழுங்கினேன்.

எல்லாரும் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

உண்டு என்றேன்.